தவணை தவறாத வரை தழைத்த ஊர்

ஸ்பெயின் நாட்டின் சந்தை நகரம் மெதினா தெல் காம்போ

நம் கடைகள் பலவற்றில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. "கடன் அன்பை முறிக்கும்" என்பது அதன் வாசகம். "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று எழுதி வைத்திருப்போரும் உண்டு. பலகை மேலே தொங்கிக்கொண்டிருக்க, அதற்குக் கீழேயே பற்று நோட்டில் கணக்கு ஏறிக்கொண்டிருப்பதும் நாம் அறியாததல்ல. கடன் கொடுக்காமல் வியாபாரம் இல்லை. வசூல் ஆகாமல் வியாபாரியே இல்லை.

இந்த இரண்டு உண்மைகளையும் ஓர் ஊரின் கதையாகவே பார்க்க வேண்டுமானால் ஸ்பெயின் நாட்டின் உட்பகுதியில் இருக்கும் மெதினா தெல் காம்போ என்னும் சிறு நகரத்தைப் பார்க்க வேண்டும். வணிகர்களின் வாக்கு நாணயத்தால் எழுந்து, பெரிய கை ஒன்று தவணை தவறியதால் சாய்ந்து, அதன் பிறகும் கடையை முழுவதுமாக மூடிவிடாமல் இன்றுவரை வியாபாரம் பார்த்துவரும் ஊர் அது. மளிகைக்காரர்களும் மண்டிக்காரர்களும் ஆகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் அங்கே நிறைய இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கடைகள்

ஸ்பெயின் கிறிஸ்தவ நாடு. அங்கே ஞாயிறு ஓய்வு நாள். 1904ஆம் ஆண்டிலேயே ஞாயிறு ஓய்வுக்குச் சட்டம் போட்டார்கள். ஆனால் மெதினாவில் ஞாயிற்றுக்கிழமைதான் சந்தை கூடும் நாள். அன்று கடைகள் திறந்திருக்கும். சுற்றுப்புறக் கிராமத்தார் குடும்பத்தோடு வந்து சாமான் வாங்கிப் போவார்கள். அதற்குப் பதிலாக வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. ஊர் உலகம் ஒரு நாள் ஓய்ந்தால் தாங்கள் இன்னொரு நாள் ஓய்வது என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் ஞாயிறு பூசை என்னாவது என்று கேட்கத் தோன்றும். வியாபாரத்துக்கும் வழிபாட்டுக்கும் இடையே சமரசம் செய்துகொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஊரின் நடுவில் இருக்கும் பெரிய சதுக்கத்தின் ஓரத்தில் புனித அந்தோலின் தேவாலயம் நிற்கிறது. அதன் வெளிச்சுவரில், சதுக்கத்தைப் பார்த்தபடி ஒரு மாடம் இருக்கிறது. மாதாவின் சுரூபத்துக்கு முன் அந்த மாடத்தில் நின்று பாதிரியார் பூசை வைப்பாராம். வணிகர்கள் தங்கள் கடையைவிட்டு நகராமல், தராசை ஓரமாக வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கும்பிட்டுக்கொள்வார்களாம். கடையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக முடியாதவர்களுக்காகக் கோயிலே கடைத்தெருவை நோக்கித் திரும்பிய இடம் அது.

வழிகள் கூடிய இடம், சந்தை கூடிய இடம்

தலைநகர் மாட்ரிட்டுக்கு வடமேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், வல்லாதோலித் மாநிலத்தில் இருக்கிறது மெதினா. இன்றைய மக்கள்தொகை 20 ஆயிரத்தை ஒட்டியது. சுற்றிலும் தானியம் விளையும் சமவெளி. சபார்தியேல் என்ற சிற்றாறு ஊருக்குள் ஓடுகிறது. மெதினா என்ற சொல் அரபு மொழியில் நகரம் என்று பொருள்படும்; அரபு நாட்டு மதீனாவின் பெயரும் அதே சொல்தான். ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி இருந்த காலத்தின் அடையாளம் அது. காம்போ என்றால் வயல்வெளி. ஆக, ஊரின் பெயர் "வயல்வெளி நகரம்".

துறைமுகம் இல்லை, பெரிய ஆறு இல்லை, சுரங்கமும் இல்லை. பிறகு எப்படி அங்கே வியாபாரம் பெருகியது? வடக்கே கம்பளி வணிகம் நடந்த புர்கோஸ், தெற்கே தொலேதோவும் செவிலும், மேற்கே போர்ச்சுகல் என்று எல்லாத் திசைகளிலும் போகும் வழிகள் கூடும் இடத்தில் ஊர் அமைந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊரின் தலைவராக இருந்த இளவரசர் பெர்னாந்தோ அங்கே சந்தையை ஏற்படுத்தினார். அவர் மனைவி லியோனோர் காலத்தில், 1421இல், சந்தைக்கான விதிமுறைகள் எழுதப்பட்டன. எந்தச் சரக்குக்காரர் எந்தத் தெருவில், எந்த ஊர் வணிகர் எந்த வீட்டில் தங்குவது என்பது வரை அதில் வகுக்கப்பட்டது. துணிக்கு ஓர் இடம், மசாலாச் சரக்குக்கு ஓர் இடம், ஊசி நூல் சில்லறைச் சாமானுக்கு ஓர் இடம் என்று பிரித்தார்கள். இன்னாருக்கு இன்ன இடம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் வாங்க வருபவன் அலையமாட்டான், விற்பவனும் சண்டை போடமாட்டான். சந்தை நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1491இல் அரசி இசபெலும் அரசர் பெர்னாந்தோவும் இந்தச் சந்தையை நாட்டுக்கே பொதுச் சந்தை என்று அறிவித்தார்கள். ஆண்டுக்கு 2 முறை, மே மாதத்தில் ஒன்றும் அக்டோபரில் ஒன்றுமாக, ஒவ்வொன்றும் 50 நாள் நடந்தது. காஸ்தில் ஆட்டுக் கம்பளி வெளியே போனது. பிளாண்டர்ஸ் நாட்டுத் துணியும் ஓவியமும், பிரான்ஸின் சணல்நூல் துணியும் காகிதமும், கிரனாதாவின் பட்டும், மதெய்ரா தீவின் சர்க்கரையும் உள்ளே வந்தன. லிஸ்பன் வழியாகப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மிளகும் கிராம்பும் இலவங்கப்பட்டையும் அங்கே விலை பேசப்பட்டன. அந்த மிளகு நம் மேற்குக் கரையான மலபாரிலிருந்து கப்பல் ஏறியது என்பதை மளிகை வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊரின் சின்னத்தில் ஒரு வாசகம் உண்டு. "அரசர் பதவி தருவதுமில்லை, போப்பாண்டவர் மானியம் தருவதுமில்லை" என்பது அதன் கருத்து. அதாவது, ஊர்ப் பதவிகளுக்கும் கோயில் பதவிகளுக்கும் ஆள் நியமிப்பது தங்கள் உரிமை, வெளியார் யாரும் அதில் தலையிட முடியாது என்பது. வணிகர் நிறைந்த ஊருக்குப் பொருத்தமான வாசகம்தான்.

பீரங்கி கொடுக்க மறுத்த ஊர்

இந்தத் தன்மானத்துக்கு ஒருமுறை மிகப் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது. 1520இல் காஸ்தில் நகரங்கள் பல புதிய அரசர் சார்லஸுக்கு எதிராகக் கிளர்ந்தன. வரிச்சுமையும், அரசர் தம்மோடு அழைத்துவந்த வெளிநாட்டார் பதவிகளில் அமர்ந்ததும் காரணம். செகோவியா நகரம் முன்னணியில் நின்றது. அதை அடக்க அரசுப் படைக்குப் பீரங்கி தேவைப்பட்டது. பீரங்கிகள் மெதினாவில் இருந்தன.

செகோவியா துணி நெய்யும் ஊர். அதன் துணி மெதினா சந்தையில் விற்றது. நம் சரக்குக்காரர்களைச் சுட நம் ஊர்ப் பீரங்கியா என்று மெதினா மக்கள் கொடுக்க மறுத்தார்கள். ஆகஸ்ட் 21ஆம் தேதி படைத்தலைவர் அந்தோனியோ தெ பொன்சேகா ஊருக்கு நெருப்பு வைத்தார். நெருப்பை அணைக்க மக்கள் ஓடுவார்கள், அந்த நேரத்தில் பீரங்கிகளை இழுத்துப்போய்விடலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பியது. வீடும் கடையும் எரிய எரிய, மக்கள் பீரங்கியைவிட்டு நகரவில்லை. படை வெறுங்கையோடு திரும்பியது.

ஆனால் ஊர் எரிந்தது எரிந்ததுதான். சந்தைக்கு வந்த வணிகர்கள் தங்கள் சரக்கைப் பத்திரமாக வைத்திருந்த பிரான்சிஸ்கன் மடமும் சரக்கோடு சாம்பலானது. அடுத்த ஆண்டு, 1521 ஏப்ரல் 23இல், வில்யலார் என்னுமிடத்தில் கிளர்ச்சியும் தோற்றது. அந்தத் தேதியைத்தான் இன்றைக்குக் காஸ்தில்-லியோன் வட்டாரத்தின் பொது விழா நாளாகக் கொண்டாடுகிறார்கள். தோற்ற நாளை விழாவாக வைத்திருப்பது ஏன் என்று மெதினாக்காரரைக் கேட்டால் இந்த நெருப்புக் கதையைத்தான் சொல்வார்கள்.

கடைகள் மீண்டும் கட்டப்பட்டன. சந்தை மீண்டும் கூடியது. நெருப்பால் அழியாதது எதுவோ அதுதான் ஊரின் உண்மையான முதல். அது என்னவென்று இனிப் பார்ப்போம்.

உண்டியல் நடந்த விதம்

மெதினாவின் பெரும் புகழ் சரக்கு விற்பனையால் வந்ததல்ல. பணப் பட்டுவாடாவால் வந்தது. ஐரோப்பா முழுவதும் சரக்கு வாங்கியவர்களும் விற்றவர்களும் "மெதினா மே சந்தையில் பைசல்", "அக்டோபர் சந்தையில் பைசல்" என்று தவணை வைத்துக்கொண்டார்கள். இதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவி மாற்றுச் சீட்டு. நம்மிடம் இதற்கு உண்டியல் என்று அழகான பெயர் உண்டு. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் நம் நகரத்தார் உண்டியல் நடத்திய கதை நமக்குத் தெரிந்ததே. வேலை ஒன்றுதான்.

உதாரணமாக, மெதினாவில் இருக்கும் ஒரு கம்பளி வியாபாரிக்கு 1,000 டுகாட் உடனடியாகத் தேவை என்று வைத்துக்கொள்வோம். (ஒரு டுகாட் 375 மரவேதி, மரவேதி என்பது அவர்கள் கணக்கு எழுதிய சிறு காசு.) கையில் பணம் உள்ள ஒருவர் அந்தத் தொகையைக் கொடுக்கிறார். வாங்கியவர் ஒரு சீட்டு எழுதித் தருகிறார். ஆண்ட்வெர்ப் நகரில் இருக்கும் தம் பிரதிநிதிக்கு, "இன்ன தேதியில் இன்னாருக்கு உங்கள் ஊர் நாணயத்தில் இவ்வளவு கொடுக்கவும்" என்பது அதன் வாசகம். அங்கே கம்பளி விற்ற பணத்திலிருந்து பிரதிநிதி கொடுத்துவிடுவார். பெறுபவர் மெதினாவில் பணம் கொடுத்தவரின் ஆள். ஆக, ஒரு சீட்டில் நான்கு பேர்: கொடுத்தவர், வாங்கியவர், அங்கே செலுத்துபவர், அங்கே பெறுபவர். மூட்டை கட்டிப் பணம் கொண்டுபோக வேண்டியதில்லை. வழிப்பறிப் பயம் இல்லை. வழியில் சீட்டு தொலைந்துபோகலாம் என்பதால் அதையே முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று எழுதி வெவ்வேறு அஞ்சலில் அனுப்பினார்கள். ஒன்றுக்குப் பணம் கொடுத்தால் மற்றவை செல்லாது.

வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்திருந்தது. ஆனால் ஓர் ஊர் நாணயத்தை இன்னோர் ஊர் நாணயத்துக்கு மாற்றும்போது விலையில் வித்தியாசம் வருமல்லவா? கொடுத்தவருக்கு அதில்தான் ஆதாயம். எது நியாயமான லாபம், எது மறைத்து வாங்கும் வட்டி என்று பாதிரிமாரும் வணிகரும் ஓயாமல் வாதாடினார்கள். சரவியா தெ லா காய்யே என்பவர் வணிகர்களுக்காக எழுதிய அறிவுரை நூல் 1544இல் இந்த ஊரிலேயே அச்சானது. வியாபாரம் நடந்த சதுக்கத்திலேயே வியாபார தர்மம் பற்றிய புத்தகமும் விற்றது என்பது கவனிக்கத்தக்கது.

சந்தையின் பட்டுவாடா நாட்களில் வங்கியாளர்கள் சதுக்கத்தில் மேசை போட்டுப் பேரேட்டோடு உட்காருவார்கள். நான் உனக்குத் தர வேண்டியது, நீ அவனுக்குத் தர வேண்டியது, அவன் எனக்குத் தர வேண்டியது என்று பற்றுவரவைப் பார்த்து நேர் செய்வார்கள். பெருந்தொகைகள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பேனா முனையிலேயே மாறின. கையில் மாறிய ரொக்கம் கொஞ்சம்தான். வங்கிகள் காசோலைகளை ஒன்றுக்கொன்று கழித்துத் தீர்த்தது போன்ற வேலையை அவர்கள் 450 ஆண்டுகளுக்கு முன்பே திறந்தவெளியில் செய்தார்கள்.

சிமோன் ரூயிஸ் விட்டுச்சென்ற காகிதங்கள்

இந்தச் சந்தையில் பெயர் வாங்கியவர்களில் முக்கியமானவர் சிமோன் ரூயிஸ். புர்கோஸ் பக்கத்து ஊரான பெலொராதோவில் பிறந்து, மெதினாவுக்கு வந்து கடை வைத்தவர். பிரான்ஸிலிருந்து துணி தருவித்து விற்பதில் தொடங்கி, படிப்படியாகப் பெரிய உண்டியல்காரராக உயர்ந்தார். லிஸ்பன், செவில், ஆண்ட்வெர்ப், லியோன், ஜெனோவா, புளோரன்ஸ் என்று பல ஊர்களிலும் அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது.

எந்தக் கடிதத்தையும் அவர் தூக்கி எறியவில்லை. வந்த கடிதம், உண்டியல், பேரேடு, சிட்டை எல்லாவற்றையும் கட்டி வைத்தார். 1597இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற தொகுதியில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களும் சுமார் 20 ஆயிரம் உண்டியல்களும் இருக்கின்றன. விலை நிலவரம், விளைச்சல் எப்படி, அமெரிக்காவிலிருந்து வெள்ளி ஏற்றிவரும் கப்பல்கள் செவில் வந்துசேர்ந்தனவா, எந்த வியாபாரி தள்ளாடுகிறார், எங்கே சண்டை மூண்டது என்று ஒவ்வொரு கடிதத்திலும் செய்தி. பிரெஞ்சு வரலாற்று அறிஞர் ஆன்ரி லாபெய்ர் இந்தக் காகிதங்களை ஆராய்ந்து 1955இல் ரூயிஸ் குடும்பத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். மன்னர்களின் கதையைச் சொல்லக் கல்வெட்டு இருக்கிறது. வியாபாரியின் கதையைச் சொல்ல அவன் கணக்கு நோட்டுதான் இருக்கிறது. அதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறவர்கள் நாம்!

ரூயிஸ் தம் செல்வத்தில் பெரும்பகுதியை ஊர் ஏழைகளுக்காக மருத்துவமனை கட்டச் செலவிட்டார். 1590களில் எழுந்த அந்தக் கட்டடம் இன்றும் அவர் பெயரால் நிற்கிறது.

மன்னர் கொடுத்த மஞ்சள் கடுதாசி

இப்படித் தழைத்த சந்தை ஏன் சாய்ந்தது? போட்டியாலா? திருட்டாலா? முக்கியக் காரணம் வேறு. அங்கே எல்லோரையும்விடப் பெரிய கடன்காரர் நாட்டின் அரசர்.

இரண்டாம் பிலிப் மன்னர் பல நாடுகளில் போர் நடத்தினார். படைச் சம்பளத்துக்கு வங்கியாளர்களிடம் கடன் வாங்கினார். அமெரிக்க வெள்ளிக் கப்பல் வந்ததும் மெதினா சந்தையில் தீர்ப்பதாக ஏற்பாடு. கப்பல் தாமதமானால் சந்தைத் தவணையையே தள்ளிவைத்து உத்தரவு போட்டார். மே மாதம் தீர வேண்டிய கணக்கு மழைக்காலம் வரை இழுத்தது. இந்த ஆண்டுக் கணக்கு அடுத்த ஆண்டுக்குப் போனது. அரசர் ஒருவர் தள்ளினால் அவரை நம்பிய வங்கியாளர் தள்ளினார். அவரை நம்பிய மொத்த வியாபாரி தள்ளினார். கடைசியில் துணி நெய்தவனும் ஆடு வளர்த்தவனும் காத்திருந்தார்கள்.

1557இல் ஒருமுறை, 1575இல் மறுமுறை, 1596இல் இன்னொரு முறை என்று அரசர் கடன் பட்டுவாடாவை நிறுத்திவைத்தார். நம் பாஷையில் சொன்னால் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். உடனே தர வேண்டிய கடனை, குறைந்த வட்டியில் நீண்டகாலப் பத்திரமாக மாற்றித் தந்தார். பத்திரத்தை வைத்துக்கொண்டு சந்தையில் கம்பளி வாங்க முடியுமா? 1575 அடிக்குப் பின் பட்டுவாடாச் சந்தை சில ஆண்டுகள் கூடவே இல்லை. அதே சமயம் விற்பனை வரியும் பெருமளவு உயர்த்தப்பட்டது. வடக்கே பிளாண்டர்ஸில் கலகம் மூண்டு கம்பளி வழியும் அடைபட்டது. அடி மேல் அடி.

ஜெனோவா வங்கியாளர்கள் விலகிநின்ற 1576க்குப் பிறகு, அரசருக்குக் கடன் கொடுப்போர் வரிசையில் சிமோன் ரூயிஸும் சேர்ந்தார். எச்சரிக்கையான மனிதர் என்பதால் தாக்குப்பிடித்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற தம்பி மகன் கோஸ்மே காலத்தில் வணிக இல்லம் நொடித்துப்போனது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டுவாடாச் சந்தையைக் கொஞ்ச காலம் புர்கோஸுக்கு மாற்றினார்கள். பிறகு பணப்புழக்கம் தலைநகர் மாட்ரிட்டோடு நின்றுவிட்டது. மெதினாவின் வீடுகள் காலியாயின.

1520இல் ஊரையே எரித்த நெருப்பு சந்தையை அழிக்கவில்லை. தவணை தவறியது அழித்துவிட்டது. இதுதான் இந்த ஊரின் கதையில் நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய இடம். எரிந்த கடையைக் கட்டிவிடலாம். "இந்தச் சந்தையில் சொன்னால் சொன்ன தேதியில் கிடைக்கும்" என்ற நம்பிக்கை போனால் அதை எந்தக் கொத்தனாராலும் கட்ட முடியாது.

இன்றைய மெதினா

19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது. பழைய வண்டிப்பாதைகள் கூடிய அதே இடத்தில் தண்டவாளங்களும் கூடி, ஊர் ஒரு முக்கிய ரயில் சந்திப்பானது. பின்னாளில் மரச்சாமான் தொழிலும் வளர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் வெர்தேஹோ என்னும் திராட்சையிலிருந்து எடுக்கும் ருவேதா வெள்ளைத் திராட்சை மதுவுக்கு நல்ல பெயர். 1980இல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

மேட்டில் செங்கல்லால் கட்டிய மோத்தா கோட்டை ஊருக்கு அடையாளம். சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த அரண்மனையில்தான், கொலம்பஸை அனுப்பிய இசபெல் அரசி 1504 நவம்பர் 26இல் உயிர்நீத்தார். நிறை சரிபார்க்கும் எடைக்கூடம் இருந்த வீடும், 16ஆம் நூற்றாண்டில் கட்டிய இறைச்சி அங்காடியும் இன்னும் நிற்கின்றன. பழைய தேவாலயம் ஒன்றைச் சந்தைக்கான அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அரசர்களுக்கும் போருக்கும் அருங்காட்சியகம் வைத்த ஊர்கள் ஆயிரம். வியாபாரத்துக்கு வைத்த ஊர் அபூர்வம்.

புனித வாரத்தில் சுரூபங்களைத் தோளில் சுமந்து ஊர்வலம் போகிறார்கள். 1411இல் புனித வின்சென்ட் பெரர் வந்து போதித்த காலம் முதல் நடப்பது என்பது ஊரார் பெருமை. ஆகஸ்டில் 16ஆம் நூற்றாண்டு உடை உடுத்திச் சதுக்கத்தில் பழைய சந்தையையே மீண்டும் நடத்திக் காட்டுகிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அந்தோலின் திருவிழா; குதிரை வீரர்கள் காளைகளை வயல்வெளியிலிருந்து ஊருக்குள் ஓட்டிவருவது பார்க்கத் திரளும் கூட்டத்தால் கடைகளுக்கும் நல்ல வியாபாரம். திருவிழாவும் வியாபாரமும் கைகோத்துப் போவது எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வணிகப் பெருமக்களே! மெதினாவின் கதை 500 ஆண்டுப் பழையது. ஆனால் அதில் வரும் சிக்கல் நேற்று மாலை நம் கல்லாவுக்கு முன் நின்ற சிக்கல்தான். பெரிய கை என்று நம்பிச் சரக்கு முழுவதையும் ஒருவருக்கே கடனாகக் கொடுத்துவிட்டு, அவர் தவணை தள்ளும்போது நாம் நம் கொள்முதல்காரருக்குத் தவணை தள்ளுகிறோம். அவர் தமக்கு மேலே உள்ளவரிடம் தள்ளுகிறார். கடைசியில் ஒரு கடைவீதிக்கே பெயர் கெடுகிறது. கடன்காரர் எவ்வளவு பெரியவர் என்பது கடனுக்குப் பாதுகாப்பு ஆகாது என்பதை அரசரையே கடன்காரராக வைத்திருந்த மெதினா சொல்கிறது.

ஆகவே கடன் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை; அது நடக்காத காரியம். ஒருவரையே நம்பாமல் பலருக்குப் பகிர்ந்து கொடுப்போம். கொடுத்ததை எழுதி வைப்போம். எழுதியதைப் பாதுகாப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் சொன்ன தேதியில் நாம் கொடுப்போம். நம் ஒவ்வொருவர் தவணையும் தவறாமல் இருக்கும்வரைதான் நம் கடைவீதிக்குக் கடைவீதி என்று பெயர்.

மெதினாவில் இந்த ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும்.